உள்ளே போகும்போதும் கத்திய மணி

அத்தியாயம் 11

தலைமை டைவர் குப்புறப் படுத்திருந்தார். டாக்டர் போர்வையை மெல்ல விலக்கினார்.

இரண்டு தொடைகளின் பின்பக்கமும் அயர்ன் பாக்ஸை மறந்து வைத்துவிட்டுப் போன துணி மாதிரி இருந்தது. நடுவில் கருப்பு, ஓரத்தில் சிவப்பு. தலையில் பாதி முடி தலையணையோடு போயிருந்தது.

"டியூட்டி இல்லாதப்பவும் டைவ் அடிச்ச மாதிரியே படுத்திருக்கீங்களே சார்" என்றான் சோடா.

டைவர் தலையணைக்குள் மூச்சுவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்ற அவர் மனைவிகூடச் சிரித்தாள். சொன்னவனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவனுக்குச் சோடா என்று பெயர் வந்தது கண்ணாடியால். சோடா பாட்டிலின் அடியை வெட்டி ஒட்டிய மாதிரிக் கண்ணாடி. வாயைத் திறந்தால் பொங்கும் என்பதாலும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. போன மழைக்காலத்தில் அவன் மனைவி இறந்தாள். அதற்குப் பிறகு அவனுக்குள் எல்லாமே பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பிய உதடு மாதிரி ஆகிவிட்டது. தொட்டால் இருப்பது தெரியும், கிள்ளினால் வலிக்காது. சாவு வீட்டில் அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை; வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான். நகைச்சுவை மட்டும் மூடாத குழாய் மாதிரி தன்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

"ரெண்டு காலும் ஒரே அளவா வெந்திருக்கா டாக்டர்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டரம்மா. போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியும் ஊருக்கு அவர் இன்ஸ்பெக்டரம்மாதான். இப்போது சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். அலுவலகம் என்றால் ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, ஒரு சோடா.

"கிட்டத்தட்ட ஒரே அளவுதான். இது ஒரே நாள்ல பட்டதில்ல. கொஞ்சம் கொஞ்சமா, ரொம்ப நாளா பட்டிருக்கு."

"நான் எதையும் எடுக்கலம்மா" என்றது தலையணைக்குள்ளிருந்து வந்த குரல். "சத்தியமா எடுக்கல."

வழக்கே அதுதான். ஊருக்குக் குடிதண்ணீர் தரும் ஏரியின் அடியில் ஒரு பழைய சோதனைக் கப்பல் மூழ்கிக் கிடந்தது. எந்தக் காலத்திலோ அதில் கதிரியக்கப் பொருள்களை வைத்து ஏதேதோ செய்து பார்த்திருக்கிறார்கள். ஓட்டை விழுந்து தண்ணீரில் கலப்பதற்குள் தூக்கிவிட வேண்டும் என்று ஒரு கம்பெனியிடம் வேலையை ஒப்படைத்தார்கள். அதற்காகத் தண்ணீருக்குள் மூழ்கி வேலை செய்யும் ஆட்களுக்குத் தலைவர்தான் இந்த டைவர். உள்ளே வேலை செய்யும் ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு பேட்ஜ் தொங்கும்; வெளியே வரும்போது கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். டைவரின் பேட்ஜ் சுத்தமாக இருந்தது. மற்றவர்களுடையது போலவே அனுமதித்த அளவுக்கு வெகு கீழே. ஆனால் ஆள் இப்படிக் கிடக்கிறார்.

கம்பெனி மேனேஜர் கணக்கைச் சுலபமாக முடித்துவிட்டார். பேட்ஜைக் கழற்றி வைத்த பிறகுதான் பட்டிருக்கிறது. அப்படியென்றால் கப்பலிலிருந்து எதையோ திருடிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். திருடனுக்குக் கம்பெனி பொறுப்பில்லை.

திருடன் பெண்டாட்டி என்று ஆகிவிட்டவள்தான் இன்ஸ்பெக்டரம்மாவைத் தேடி வந்தாள். "அவர் பிழைப்பாரா மாட்டாரான்னு டாக்டர் சொல்லட்டும். திருடனா இல்லையான்னு நீங்க சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

வராந்தாவுக்கு வந்ததும் இன்ஸ்பெக்டரம்மா மெல்லக் கேட்டார். "பின்பாக்கெட்ல ஒரு பொருளை வெச்சா எந்தப் பக்கம் வேகும்?"

"வெச்ச பக்கம்."

"இவருக்கு ரெண்டு பக்கமும் வெந்திருக்கு."

"ரெண்டு பாக்கெட்லயும் வெச்சிருப்பாரோ? நியாயமான திருடன்."

"பாக்கெட் உயரத்துக்கும் கீழே வெந்திருக்கு, சோடா. கண்ணாடியைத் துடைச்சுக்கோ."

வாசலில் டைவரின் தம்பி நின்றிருந்தான். கம்பெனி பஸ்ஸின் டிரைவர் அவன்தான். தினமும் வருவான், பிளாஸ்கை அண்ணியிடம் கொடுப்பான், கதவோரமாக நின்று அண்ணனின் முதுகைப் பார்த்துவிட்டுப் போவான். அண்ணன்தான் அவனை வளர்த்தது, வேலை வாங்கிக் கொடுத்தது எல்லாம்.

"ஏரிக்குப் போகலாமா மேடம்?" என்று கேட்டு, பஸ் கதவைத் திறந்துவிட்டான்.

இந்த வழக்கு தொடங்கியதிலிருந்து அவர்கள் ஏரிக்குப் போய்வருவது அந்த பஸ்ஸில்தான். இன்ஸ்பெக்டரம்மா முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சோடா வழக்கமான இடத்துக்குப் போனான். டைவர் படுத்ததிலிருந்து காலியாக இருக்கும் ஜன்னலோர சீட் அது. மற்ற தொழிலாளிகள் மரியாதைக்காக அதில் உட்காருவதில்லை. சோடாவுக்கு அந்த மாதிரி மரியாதையெல்லாம் கிடையாது.

"வண்டியில இருக்கிற எல்லா சீட்டும் கூட்டணி ஆட்சி மாதிரி ஆடுது மேடம்" என்றான். "இது ஒண்ணுதான் தனி மெஜாரிட்டி."

டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரிக்க முயன்றான். முடியவில்லை.

ஏரிக்கரையில் மிதவை மேடை மேல் கப்பல் பாதி எழுந்து நின்றது. துருவும் பாசியும் சேறுமாக, பிரேதப் பரிசோதனைக்கு வைத்த ஏதோ மிருகம் மாதிரி. வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்டவர்கள் குழாயால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கழுவிய தண்ணீர் தொட்டியில் விழ வேண்டும். தொட்டி நிரம்பி, ஒரு பக்கமாக வழிந்து, கரைச் சரிவில் ஓடையாக இறங்கி ஓடியது. சிவப்புக் கயிறு கட்டிய எல்லைக்கு அடியில் புகுந்து வெளியே வந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் பஸ்ஸும் லாரிகளும் திரும்புகிற மைதானம். மைதானத்தின் ஓரமாக ஒரு கேட்.

கேட் வழியாகத்தான் எல்லாரும் போய்வர வேண்டும். உடம்பிலோ துணியிலோ கதிர்ப்பொருள் ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்தால் தானாகக் கத்துவதற்கு அங்கே ஒரு மணி வைத்திருந்தார்கள். மணியின் வாயில் பழந்துணியைத் திணித்து, மேலே டேப்பும் சுற்றியிருந்தது.

"என்னண்ணே, மணியைக் கடத்திட்டுப் போறீங்களா? வாயில துணி அடைச்சிருக்கு?" என்று வாட்ச்மேனைக் கேட்டான் சோடா.

"தாங்க முடியல சார். வேலை முடிச்சு வெளிய வரும்போது கத்துச்சு. சரி, அதுக்குத்தானே வெச்சிருக்குன்னு மறுபடியும் குளிக்க அனுப்பினோம். குளிச்சிட்டு வந்தாலும் கத்துச்சு. காலைல உள்ள போகும்போதும் கத்துச்சு. மேனேஜர் ரிப்பேர்னு சொல்லி அடைக்கச் சொல்லிட்டார்."

இன்ஸ்பெக்டரம்மா நடந்துகொண்டிருந்தவர் நின்றார்.

"உள்ள போகும்போதுமா?"

"ஆமாம்மா. போகும்போதும் வரும்போதும்."

"வீட்ல குளிச்சிட்டு, துவைச்ச துணி போட்டுக்கிட்டு வர்றவனைப் பார்த்து மணி எதுக்குக் கத்தணும்?"

"சோப்பு பிடிக்கலையோ என்னவோ" என்றான் சோடா.

அவர் காதில் வாங்கவில்லை. "மத்தியானம் டீ குடிக்க வெளிய போயிட்டு வந்தா கத்துமா?"

வாட்ச்மேன் யோசித்தான். "கத்தாதும்மா. இப்ப நினைச்சுப் பார்த்தா, அப்ப ஒரு தடவைகூடக் கத்தல."

"மத்தியானம் இல்லாதது, காலைலயும் சாயங்காலமும் இருக்கிறது. இந்த இடத்துல அது என்ன?"

இன்ஸ்பெக்டரம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. டேப்பைப் பிய்த்து, மணியின் வாயிலிருந்து துணியைப் பிடுங்கினார்.

மணி அலறியது.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் வேலை செய்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கேட் வழியாக யாருமே போகவும் இல்லை, வரவும் இல்லை. பத்தடி தள்ளி, எஞ்சின் சூடு ஆறாமல், பஸ் மட்டும் நின்றது.

"வண்டியைக் கொஞ்சம் ரோட்டுக்குக் கொண்டு போப்பா" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

டிரைவர் பஸ்ஸை எடுத்தான். அது மைதானத்தைத் தாண்டும்போதே மணியின் குரல் தேய்ந்து நின்றது.

"இப்ப திரும்பி வா."

வந்தான். மணி மறுபடி அலறியது.

"ரிப்பேர் இல்ல" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "இந்த இடத்துல ஒழுங்கா வேலை பார்த்தது இது ஒண்ணுதான். அதோட வாயைத்தான் அடைச்சிருக்கீங்க."

சத்தம் கேட்டுப் பாதுகாப்பு அதிகாரி ஓடி வந்தாள். எல்லாரும் மீட்டரம்மா என்று கூப்பிடும் பெண். கதிர் அளக்கும் மீட்டர் எப்போதும் அவள் கையில் இருக்கும். டிரைவரைக் கீழே இறங்கச் சொல்லிவிட்டு, மீட்டரை முன்னால் நீட்டிக்கொண்டு பஸ்ஸுக்குள் ஏறினாள். ஜன்னல்களெல்லாம் திறந்திருந்தன. வெளியே நின்றவர்களுக்கு மீட்டரின் சத்தம் கேட்டது. டிரைவர் சீட்டில் சுவர்க்கடிகாரம் மாதிரி டிக், டிக். அடுத்த வரிசையில் தட்டச்சு மாதிரி. அதற்கடுத்த வரிசையில் எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி. ஜன்னலோரத்து சீட்டுக்கு மேலே மீட்டரை நீட்டினாள். அங்கே தனித்தனிச் சத்தமே இல்லை. எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல்.

மீட்டரம்மா பின்வாங்கி, படியிலிருந்து குதித்து இறங்கினாள். முகம் வெளுத்திருந்தது. "இங்க யார் உக்காருவாங்க?"

"டைவர்" என்றான் வாட்ச்மேன்.

"அவருக்கு அப்புறம்?"

வாட்ச்மேன் இன்ஸ்பெக்டரம்மா பக்கம் திரும்பினான்.

"சோடா" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"சொல்லுங்க மேடம்."

அவர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். தன்னைக் கூப்பிடவில்லை, கேள்விக்குப் பதில் சொல்கிறார் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

பயம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. தன் பேன்ட்டின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தான், பஸ்ஸில் எதையோ தவறவிட்டவன் மாதிரி. உள்ளே எங்கேயும் எதுவும் அசையவில்லை. வாய் மட்டும் திறந்தது.

"தனி மெஜாரிட்டி எப்பவுமே ஆபத்துன்னு சொல்வாங்க மேடம்."

யாரும் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டரம்மா அவன் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய், கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார். உட்கார வைத்த பிறகும் பிடியை விடவில்லை. அவர் வேறு யாருடைய தோளையோ பிடித்திருப்பதுபோல அவன் அதைப் பார்த்தான்.

நீண்ட இடுக்கியும் கனத்த ஈயப் பானையுமாக இரண்டு பேர் வந்து, சீட்டுக்கு அடியிலிருந்து அதை எடுத்தார்கள். டம்ளர் அளவு ஒரு உருளை. அடி தட்டை, பக்கமெல்லாம் தடிமனான ஈயம். பானைக்குள் போட்டு மூடியதும் மணி நின்றது.

"பழைய கருவிக்குள்ள இருக்கிற கதிர்க்குப்பி" என்றாள் மீட்டரம்மா. "சுத்தி ஈயக்கூடு இருக்கு. ஆனா மேல் மூடி போயிருக்கு. அதனால பக்கத்து சீட்காரங்களுக்குப் பெருசா படல. எல்லாம் நேரா மேல போயிருக்கு."

"யார் இதை அங்க வெச்சது?" என்று வாட்ச்மேன் கேட்டான்.

"நான்தான்" என்றான் டிரைவர்.

அவன் பஸ் சக்கரத்தில் சாய்ந்து நின்றிருந்தான். எல்லாரும் பார்த்ததும் நிமிர்ந்தான்.

"அண்ணனுக்கு இடுப்பு வலி. தண்ணிக்குள்ள இறங்கி இறங்கி வந்தது. வண்டியில ஏறினா சீட்டு ஆடுது, வலி உயிர் போகுதுன்னு சொல்வாரு. ஒரு கால் உடைஞ்ச சீட்டு அது. கட்டை வெச்சுப் பார்த்தேன், நழுவிடுச்சு. அப்புறம் அதோ, அந்த ஓடையில வண்டி கழுவத் தண்ணி மொண்டப்ப இது சேத்துல கிடந்துச்சு. நல்ல கனம். அடி தட்டையா இருந்துச்சு. வெச்சேன். அளவெடுத்துச் செஞ்ச மாதிரி பொருந்திடுச்சு." அவன் தன் விரல்களைப் பார்த்தான். நுனியில் தோல் உரிந்திருந்தது. "தலைகீழா வெச்சிருந்தா?"

மீட்டரம்மா ஈயப் பானையைப் பார்த்தாள்.

"சொல்லுங்கம்மா. மேல்பக்கத்தைக் கீழ திருப்பி வெச்சிருந்தா?"

"ரோட்டுக்குத்தான் பட்டிருக்கும்" என்றாள்.

அவன் தலையாட்டினான். வழி கேட்டவனுக்கு வழி சொன்னால் ஆட்டுவானே, அந்த மாதிரி.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. "அப்ப இது குடும்பத்துக்குள்ள நடந்த விஷயம். தம்பி எடுத்து அண்ணனுக்கு வெச்சிருக்கான். கப்பல்ல இருந்து வெளிய போன பொருள்னு ஆகாது. கயித்துக்கு வெளிய கிடந்ததை எடுத்திருக்கான்."

"அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "கயித்துக்கு வெளிய அது எப்படி வந்துச்சு?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"சோடா, அங்க உக்காந்த இடத்துல இருந்தே பார்த்துச் சொல்லு. ஓடைக்கு அந்தப் பக்கம் தரையில என்ன தெரியுது?"

சோடா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தான். ஓடையைத் தாண்டி, மைதானத்தின் நடுவில், வரிசையாகக் குழிகள். ஒவ்வொன்றும் கம்பம் நட்ட அளவு. சிலவற்றில் புல் முளைக்க ஆரம்பித்திருந்தது.

"கயித்துக்குக் கால் முளைச்சிருக்கு மேடம். அங்க நின்னுக்கிட்டு இருந்தது, நடந்து இங்க வந்திருக்கு."

மீட்டரம்மா ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு மேனேஜரிடம் திரும்பினாள். "நான் போட்ட எல்லை இது இல்ல சார். ஓடை முழுக்க உள்ள இருக்கணும்னு கம்பம் நட்டேன். தொட்டி வழிஞ்சாலும் உள்ளயே நிக்கட்டும்னுதான். நான் பயிற்சிக்குப் போயிருந்தப்ப மாத்தியிருக்கீங்க."

"லாரி திரும்ப இடம் வேணாமா? நாலடி உள்ள தள்ளினா என்ன ஆயிடும்?"

"ஒண்ணும் ஆகல" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "தொட்டி வழிஞ்சுது. கப்பல் சேறு ஓடைக்கு வந்துச்சு. சேத்தோட இதுவும் வந்துச்சு. கயிறு இங்க இருந்ததால ஓடைத் தண்ணி சுத்தம்னு நம்பி ஒருத்தன் கையை விட்டான். மணி கத்துச்சு, அதையும் அடைச்சீங்க. அப்புறம் ஆஸ்பத்திரியில கிடக்கிறவரைத் திருடன்னீங்க. அவ்வளவுதான் ஆச்சு."

மேனேஜர் வாட்ச்மேனைப் பார்த்தார். வாட்ச்மேன் மணியைப் பார்த்தான். அரசாங்க ஆட்கள் வரும்வரை யாரும் கம்பத்தையோ குழியையோ தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, இன்ஸ்பெக்டரம்மா போனை எடுத்தார்.

சாயங்காலம் சோடாவுக்கு ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் தோலை நெருங்கிப் பார்த்தார். லேசான சிவப்பு; அவர் பயந்த அளவு இல்லை. சில நாள்தான் உட்கார்ந்ததால் தப்பித்தீர்கள், ஆனாலும் வாராவாரம் வந்து காட்ட வேண்டும் என்றார். சோடா தலையாட்டினான். "பயமா இருந்தா சொல்லுங்க, மனநல ஆலோசகர்கிட்ட அனுப்புறேன்" என்றார். பயம் வந்தால் கட்டாயம் சொல்கிறேன் என்றான். அதில் நகைச்சுவை எதுவும் இல்லை.

வராந்தாவில் டிரைவர் நின்றிருந்தான். விரல்களில் கட்டு. இன்ஸ்பெக்டரம்மாவைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டான்.

"நீங்களே சொல்லிடுங்க மேடம். என்னால முடியாது."

"நீ வேணும்னு செய்யலைன்னு எழுதிக் கொடுத்துட்டேன். அது என் வேலை. இது என் வேலை இல்லப்பா." அவர் குரலில் கடுமை இல்லை. "நாளைக்கு பேப்பர்ல படிச்சுத் தெரிஞ்சுக்கிறதைவிட உன் வாயால கேக்கட்டும்."

அவன் நகரவில்லை. கடைசியில் சோடா அவன் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனான்.

டைவர் அதே மாதிரி குப்புறக் கிடந்தார். முகம் கட்டிலின் விளிம்பைத் தாண்டித் தொங்கியிருந்தது. மனைவி அவர் காதருகே குனிந்து, "நீங்க திருடலைன்னு கம்பெனியே ஒத்துக்கிச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கொழுந்தனின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

நின்றால் அண்ணனுக்குத் தன் செருப்பு மட்டும்தான் தெரியும் என்று தம்பிக்குப் புரிந்திருக்க வேண்டும். அவன் தரையில் உட்கார்ந்தான். இரண்டு முகமும் நேருக்கு நேர் வந்தன. ஓடை, சேறு, உடைந்த சீட்டுக் கால், ஈயக் கூடு என்று எதையும் விடாமல் சொன்னான். அண்ணி புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

டைவர் எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். பிறகு கட்டிலிலிருந்து ஒரு கையைத் தொங்கவிட்டுத் தம்பியின் தலைமேல் வைத்தார்.

"நீ அதை வெச்சப்புறம்தான்டா எனக்கு இடுப்பு வலி நின்னுச்சு" என்றார். "உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

அதற்குப் பிறகு தம்பியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது. கனமான எதையோ தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். சோடா சுவரில் சாய்ந்து அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். போன மழைக்காலத்தில், நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தபோது, தன்னிடமிருந்து வந்திருக்க வேண்டிய சத்தம் இதுதான் என்று தோன்றியது.

"போகலாமா?" என்று கதவோரமாக இன்ஸ்பெக்டரம்மா கேட்டார்.

"கொஞ்சம் இருங்க மேடம்."

அவனுக்கு வேறு வார்த்தை வரவில்லை. போய் டிரைவருக்குப் பக்கத்தில், தரையில், தோளோடு தோள் இடித்தபடி உட்கார்ந்தான். அவன் உடம்பு குலுங்கியது இவன் தோளிலும் தெரிந்தது. சோடா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.